பீப்பாய்க்காரருக்கு எத்தனை லைஃப்?

அத்தியாயம் 11

"நான் பிராங்கிளினைத்தான் கட்டிக்கப் போறேன் நைனா" என்று எழில்மொழி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னதும், என் அக்கா புருஷர் பக்தவச்சலம் மாமா ரசத்தை மோர் என்று நினைத்து உப்புப் போட்டுக் குடித்ததும் பழைய கதை. அதற்குப் பிறகு நாலு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு நாளும் வியாசர்பாடியில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கத்தவில்லை.

ஐந்தாம் நாள் திறந்தார்.

"மதம் வேற, அது எனக்கு ஒரு விசயமே இல்ல. சாதி, அத்த நான் கேக்கவே மாட்டேன். வீடியோ கேம் கட வச்சிகினு கீறான், அதுகூட போவுது. ஆனா படிப்பகத்துல ஏறி இருவது நிமிசம் பேசணும். பேசி தேறினாத்தான் ரிஜிஸ்தர் ஆபீசு பக்கம் நான் வருவேன்."

"நீ வரலன்னா நான் கையெழுத்தே போட மாட்டேன் நைனா" என்றாள் எழில்.

இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த இரும்பு. எனக்குத் தெரியும், இரண்டுமே வளையாது. ஆகவே எல்லா பாரமும் அந்தப் பையனின் இருபது நிமிடத்தின் மேல் வந்து விழுந்தது.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. எங்கள் படிப்பகம், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மாடியில் இருந்தது. பெரம்பூர் பணிமனையில் ஓய்வு பெற்ற பிட்டர்கள், டர்னர்கள், பெயின்டர்கள் என்று பதினான்கு பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நான் ஒருவன்தான் வெளியாள். பக்தவச்சலத்தின் மச்சான் என்கிற ஒரே தகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூட்டம். கும்மிடிப்பூண்டி லோக்கல் கடக்கும்போது பேச்சாளர் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். மூடினால் விட்ட இடம் மறந்துவிடும். ஒருமுறை கூட்ஸ் வண்டி வந்தது. பேச்சாளருக்கு அதற்குள் தாடி வளர்ந்துவிட்டது.

அந்தப் படிப்பகத்துக்கு ஒரு வழக்கம். உறுப்பினர் வீட்டுக்கு மருமகனாகவோ மருமகளாகவோ வர நினைக்கிறவர், உலகத்தைப் புரட்டிப் போட்ட சிந்தனையாளர்களைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். ஜாதகம், ஜாமீன், சிபாரிசுக் கடிதம் எல்லாம் அந்தப் பேச்சுதான். ஜாபர் பாயின் மருமகன் ஏழாவது நிமிடத்தில் மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்ததும் எழுந்து எட்டாவது நிமிடத்திலிருந்து தொடர்ந்தார். அன்று தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பணிமனையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் அல்லவா, பட்டப்பெயர்தான்; அதையே படிப்பகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். விஷம் குடித்துச் செத்த கிரேக்கர் 'கோப்பைக்காரர்'. பீப்பாய்க்குள் குடியிருந்து, பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடியவர் 'பீப்பாய்க்காரர்'. உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொன்ன ஜெர்மானியர் 'தாடிக்காரர்'. புத்தரை மட்டும் புத்தர் என்றே சொல்வோம். அவர் எங்கள் வீட்டு மனிதர்.

பிராங்கிளினின் கடை ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. மூன்று டிவி, ஆறு ஜாய்ஸ்டிக், ஒரு மின்விசிறி. மின்விசிறி பையன்களுக்கல்ல, டிவிக்களுக்கு. எழில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் அவனுக்குப் பாடம் எடுத்தாள். கூடப் போய்க் காவல் இருக்கச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். நான் ஒழுங்காகத்தான் காவல் இருந்தேன். இரண்டாம் நாள், சும்மா கிடக்கிறதே என்று ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன். அதன் பிறகு என் அக்கா மகள் என்ன பேசினாள், யாரோடு பேசினாள், நிலநடுக்கம் ஏதாவது வந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. நாலாவது ஸ்டேஜில் ஒரு பாலம் இடிந்து விழும், அதுமட்டும் தெரியும்.

புதன்கிழமை பிராங்கிளின் நோட்டை மூடி வைத்தான்.

"எழிலு, என்னால ஆவாது. இந்த மூணு பேரும் இன்னா சொல்றாங்கன்னே வெளங்கல. படிக்கறேன், பூட்டுது. படிக்கறேன், பூட்டுது."

"உனக்கு இன்னாதான் வெளங்கும்?"

அவன் டிவியைப் பார்த்தான். நான் குட்டிக்கரணம் அடித்துப் பாலத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தேன்.

"அப்ப அத்தயே பேசு" என்றாள் எழில்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. பதினான்கு பேரும் சலவைச் சட்டையில் வந்திருந்தோம். மாமா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, மகளின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஸ்டவ் பக்கத்தில் என் அக்கா பட்டம்மாள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். படிப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அவள் இடம் அதுதான்.

பிராங்கிளின் எழுந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை.

"பெரியவங்களுக்கு வணக்கம். எனக்குப் புஸ்தகம் தெரியாது. எனக்கு தெரிஞ்சது கேமு. உங்காளுங்கள எல்லாம் எங்க கடைக்கு இட்டுகினு போயி, கையில ஜாய்ஸ்டிக்க குடுத்து பாத்தேன். யாரு எப்டி ஆடுவாங்கன்னு சொல்றேன்."

நாற்காலிகள் முனகின. மாமாவின் காது சிவந்தது.

"மொதல்ல பீப்பாய்க்காரரு. கேமுல எல்லா பொம்மையும் வழியெல்லாம் பொறுக்கிகினே போவும். துட்டு, கத்தி, கேடயம், பவரு. இவரு ஒண்ணுத்தையும் பொறுக்க மாட்டாரு. கையில ஒரே ஒரு குவளை இருந்துச்சு. ஒரு பையன் கையாலயே தண்ணி மொண்டு குடிக்கறத பாத்துட்டு, அடச்சே, இத்த வேற தூக்கிகினு திரிஞ்சனேன்னு அதையும் வுட்டெறிஞ்சாரு. வெறுங்கையோட கடைசி ஸ்டேஜு வரைக்கும் பூட்டாரு. அங்க உலகத்தையே புடிச்ச ராஜா வந்து நிக்கறாரு. கேமுல பாஸ்னு சொல்வாங்க. பாஸ் வந்தா அடிக்கணும், இல்ல ஓடணும். இவரு ரெண்டும் செய்யல. 'தள்ளி நில்லு, வெயில் வரல'ன்னாரு. பாஸ் அவுட்டு."

ஜாபர் பாய் சிரித்துவிட்டு, மாமாவைப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஜெயவேல் எழுந்தார். பணிமனையில் இருபத்தாறு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். தேறாத சாமானைத் திருப்பி அனுப்பியே பழகியவர்.

"தம்பி, அந்த பொம்மைக்கு எத்தினி லைஃபு?"

"மூணு, ஐயா."

"பீப்பாய்க்காரருக்கு?"

"ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ண வச்சிகினு, மூணு வச்சிருக்கறவன் மாரி ஆடினாரு. நம்மள்லாம் ஒண்ண வச்சிகினு, அதுவும் இல்லாதவன் மாரி பயந்துகினு ஆடறோம்."

ஜெயவேல் உட்காரவில்லை. அந்த ஆள் உட்கார்ந்தால்தானே.

"செரி. பீப்பாய்க்காரர், பீப்பாய்க்காரர்னு எத்தினி தாட்டி சொல்லுவ? அவரு பேரு இன்னா?"

பிராங்கிளின் எழிலைப் பார்த்தான். எழில் என்னைப் பார்த்தாள். நான் ஜாபர் பாயைப் பார்த்தேன். அவன் படித்ததெல்லாம் எங்கள் நோட்டுகள். நோட்டு முழுக்கப் பட்டப்பெயர். மெய்ப்பெயரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"தெரியாதுங்க ஐயா."

"பேரே தெரியாம ஒரு ஞானிய பத்தி பேச வந்துகீற. இன்னாய்யா பக்தா இது?" என்று மாமாவின் பக்கம் திரும்பினார்.

அந்த நிமிடம் காரியம் கெட்டது என்றே நினைத்தேன். எழில் கைக்குட்டையை முறுக்க ஆரம்பித்தாள்.

அப்போது ஜாபர் பாய் மெதுவாகக் கேட்டார். "ஜெயவேலு, உனக்கு தெரியுமா?"

ஜெயவேல் வாயைத் திறந்தார். லோக்கல் எதுவும் வரவில்லை. ஆனாலும் வாய் திறந்தபடியே நின்றது. பதினான்கு பேரும் விட்டத்தைப் பார்த்தோம். இருபத்தேழு வருடமாக வாரம் தவறாமல் சொந்த மாமன் போல உறவாடிய மனிதருடைய பெயர் ஒருத்தனுக்கும் நினைவில்லை. 'டி'யில் ஆரம்பிக்கும் என்றார் ஒருவர். 'ப'வில் என்றார் இன்னொருவர். மாமா பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும், என் கையெழுத்திலேயே, பீப்பாய்க்காரர்.

"டயோஜனீஸ்" என்றது ஸ்டவ் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அக்கா தலையை நிமிர்த்தாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுவத்தி நாலுல எங்க வூட்டுக்காரருதான் மொத மொதல்ல பேசினாரு. அப்ப பேர சொன்னாரு. அதுக்கப்புறம் யாரும் சொல்லல."

ஜெயவேல் உட்கார்ந்தார். அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. யாரிடமிருந்து என்று விதியில் இல்லை.

பிராங்கிளினுக்கு உயிர் வந்தது. கோப்பைக்காரருக்குப் போனான்.

"இவருக்கு சீட் கோடு தெரியும். சீட் கோடுன்னா குறுக்கு வழி, ஐயா. நாலு பட்டன அமுக்கினா சாவே கெடையாது. தோஸ்துங்க செயிலுக்கு வந்து, காவலாளிய கரெக்ட் பண்ணிட்டோம், கதவு தொறந்துகீது, வா பூடலாம்னாங்க. இவரு, வாணாம், கேமோட ரூல மதிச்சு இத்தினி நாளு ஆடிட்டு, தோக்கறப்போ மட்டும் ரூல மீறுனா அசிங்கம்னு சொல்லிட்டு வெசத்த குடிச்சாரு. என் கடையில ஆயிரம் பேரு ஆடியிருப்பான். சீட் கோடு தெரிஞ்சும் அமுக்காதவன் ஒருத்தன்கூட இல்ல."

நான் தரையைப் பார்த்தேன். நாலாவது ஸ்டேஜ் பாலத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"தாடிக்காரரு கடைக்குள்ள வந்தாரு. ஜாய்ஸ்டிக்கயே தொடல. நேரா என்கிட்ட வந்தாரு. 'வெரலு தேய ஆடறது அந்த பசங்க. இந்த பொட்டிய செஞ்சவன் எங்கியோ ஒரு பேக்டரில கீறான். நடுவுல சேர்ல குந்திகினு கீறியே, நீ யாரு?'ன்னாரு."

"நல்ல கேள்வி. நீ இன்னா சொன்ன?" என்றார் ஜாபர் பாய்.

"இன்னா சொல்றது. அந்த கேமுல நான்தான் வில்லன், ஐயா."

கூட்டம் வெடித்தது. சிரிப்புச் சத்தத்தில் யார்டில் நின்ற ஒரு பெட்டி தானாகவே நகர்ந்து போனதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். சொன்னது நான்தான்.

மாமா சிரிக்கவில்லை. கை கட்டியபடியே கேட்டார்.

"புத்தரையும் வுட்டு வைக்கலியா?"

எங்கள் குடும்பத்தில் அது வேறு விஷயம். மாமாவின் அப்பா பெரம்பூர் புத்தர் கோயிலில் விளக்கேற்றியவர். மாமா எதை நம்பாவிட்டாலும் அந்த முகத்தின் முன்னால் செருப்போடு நின்றதில்லை.

பிராங்கிளின் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"கேமுல எல்லாரும் ஒண்ணாவது ஸ்டேஜுல பொறந்து, உயிர வுட்டு சண்ட போட்டு, கடைசி ஸ்டேஜு அரமனைக்கு போவாங்க ஐயா. இவரு ஒருத்தருதான் அரமனைல பொறந்து ஒண்ணாவது ஸ்டேஜுக்கு நடந்து வந்தவரு."

மாமாவின் கைகள் அவிழ்ந்தன.

"எதுக்கு வந்தாரு?"

"வழி சொல்றதுக்கு. கடையில நல்லா ஆடறவன் ஒருத்தன் இருப்பான். அவன் சின்னதுங்க பக்கத்துல குந்திகினு, இங்க எகிறு, இங்க குனின்னு சொல்லுவான். ஆனா அதுங்க கைய மட்டும் புடிக்க மாட்டான். கைய புடிச்சா இவன் ஆடின மாரி ஆயிடும். அந்த புள்ள ஆடின மாரி ஆவாது. அவரும் அப்டித்தான், ஐயா. வழியதான் சொன்னாரு. கைய புடிக்கல."

கும்மிடிப்பூண்டி லோக்கல் கடந்தது. யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதால் அது ஏமாந்துதான் போயிருக்கும்.

இன்று அந்த மாடியில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். நான் அந்த வழியாகப் போனால் ஒரு நிமிடம் நிற்பேன். பதினான்கு பேரில் மிச்சம் நாங்கள் மூன்று பேர். அந்த அறையில் எத்தனையோ பெரிய பேச்சாளர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்கிற அமைதி அந்த ஒன்றுதான்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருவதுன்னா இருவத்தேழு நிமிசம் பேசிட்ட. டைம் கன்ட்ரோல் இல்ல."

பிறகு அக்காவின் பக்கம் கையை நீட்டினார். "பட்டு, டீய குடு."

எங்கள் வழக்கத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. பேச்சு பிடித்தவர் டீ குடிப்பார். பிடிக்காதவர் தம்ளரைத் தொடாமல் எழுந்து போவார். மாமா ஊதி, ஒரே மடக்கில் முக்கால் தம்ளரைக் காலி செய்தார். நாக்கு பொத்துப் போயிருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. எழில் முகத்தை மூடிக்கொண்டாள். பதினான்கு பேரும் உறிஞ்சினோம். ஜெயவேல் இரண்டாவது தம்ளர் கேட்டார்.

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

தலையில் முக்காடு, கையில் ஜெபப் புத்தகம். பூசை முடிந்து நேராக வந்திருந்தார் பிராங்கிளினின் அம்மா ஃப்ளோரா. புருஷர் அருள்பிரகாசம் இறந்து பதினாறு வருடம்; பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஒற்றை ஆளாகப் பையனை வளர்த்தவர். கீழே படிக்கட்டடியில் நின்று பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"அம்மா" என்றான் பிராங்கிளின். சட்டென்று அவனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

"டோல்கேட்ல உங்க படிப்பகத்து போர்டு பாத்தேன். 'இன்று பேசுபவர் பிராங்கிளின்'னு சாக்பீஸ்ல எழுதி வச்சிகீது. வெளியாளு பேரு இந்த போர்டுல வந்தா இன்னா அர்த்தம்னு எண்ணூர் வரைக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல உனக்கு வாய் வரல."

போர்டு எழுதியது நான். மேஜைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அக்கா ஒரு தம்ளரோடு முன்னால் வந்தாள். "குந்துங்க. மொதல்ல டீ குடிங்க."

ஃப்ளோரா அதை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக மேஜை மேல் வைத்தார்.

"இந்த டீக்கு இன்னா அர்த்தம்னு ரசூல் பீவி, ஜாபர் பாய் சம்சாரம், என்கிட்ட சொல்லிச்சு. அதனால இப்ப குடிக்க மாட்டேன்."

எழிலின் முகம் வெளுத்தது. மாமா எழுந்து நின்றார்.

"அம்மா, மதத்த பத்தியா இருந்தா..."

"மதம் இல்லண்ணே. எம் பையன் வூட்டுல ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசறவன். இங்க அரமணி நேரம் பேசினான். கேட்டுகினு நின்னேன், சந்தோசமா இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. அவன் இன்னா புள்ளன்னு உங்களுக்கு தெரிஞ்சிபோச்சு. உங்க பொண்ணு இன்னா புள்ளன்னு எனக்கு தெரிய வாணாமா?"

"எழில பத்தி இன்னா வேணும்னாலும் கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன். உங்க ரூலுதான். அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வாங்க. இருவது நிமிசம் நீங்க பேசுங்க, உங்க பொண்ண பத்தி. புஸ்தகம் பாக்காம. டீ நான் போடறேன்."

"இவ்ளோதானே" என்று மாமா சிரித்தார். "மூணு மணி நேரம் பேசுவேன்."

ஃப்ளோரா மகனை அழைத்துக்கொண்டு படி இறங்கினார். நாங்கள் நாலு பேரும் யார்டு ஓரமாக வீட்டுக்கு நடந்தோம். மாமாவும் எழிலும் முன்னால்; அக்காவும் நானும் பின்னால். மாமா தனக்குள் முனகிக்கொண்டே வந்தார். மேடைக்குமுன் குறிப்பு சேர்க்கிறபோது அப்படித்தான் முனகுவார். முதலில் விரலை மடக்கி எண்ணினார். மூன்று விரல் மடங்கியது. நாலாவது விரல் பாதியில் நின்றது. அங்கிருந்து அரை பர்லாங் அந்த விரல் அப்படியே இருந்தது.

சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் அவரும் நின்றார்.

"எழிலு."

"இன்னா நைனா?"

"அந்த ஆபீசுக்கு அஞ்சி வருசமா போற இல்ல?"

"ஆமா."

மாமா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க இன்னாம்மா வேல பாக்கற நீ?"